மாறும் சென்னையைப் படமெடுத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் தெருக்களையும் கட்டடங்களையும் ஒரே இடத்தில் நின்று, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்து வருகிறேன். எனக்கு இது தொழில் அல்ல. மயிலாப்பூரில் குடியிருக்கும் ஒருவனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. இதையே தங்கள் பகுதியில் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஐயங்களைக் கேட்பதால், அவற்றுக்கான விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வழக்கமான கட்டடப் புகைப்படத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

வழக்கமான கட்டடப் புகைப்படம் அழகான ஒளிக்காகக் காத்திருந்து, குறைகளை மறைக்கும் கோணத்தைத் தேடி எடுக்கப்படுவது. அந்த ஒரு படத்தோடு வேலை முடிந்துவிடுகிறது. நாம் இங்கே எடுக்கும் படமோ பாதிப் படம்தான். ஐந்து ஆண்டுகளோ இருபது ஆண்டுகளோ கழித்து அதே இடத்தில் எடுக்கப்படும் இன்னொரு படம்தான் அதை முழுமையாக்குகிறது. அந்த இரண்டாவது படத்தை எடுக்கப்போவது நீங்களாகவும் இருக்கலாம், உங்களை அறியாத ஒருவராகவும் இருக்கலாம். ஆகவே அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் அதே இடத்துக்கு வந்து நிற்க முடியுமா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அழகு அதற்குப் பிறகுதான்.

இதற்கு முன்னோடிகள் உண்டா?

நிறையவே உண்டு. லண்டனில் ஆக்ஸ்ஃபர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரம் இடிக்கப்படவிருந்தபோது, அதையாவது படமெடுத்து வைக்கலாம் என்று சிலர் 1875-இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1886 வரை இயங்கிய அந்தச் சங்கம் மொத்தம் 120 படங்களை வெளியிட்டது. பாரிசில் அகன்ற சாலைகளுக்காகப் பழைய சந்துகள் இடிக்கப்பட்ட காலத்தில், நகராட்சியின் சார்பில் ஷார்ல் மார்வில் அந்தச் சந்துகளைப் படமெடுத்தார். அவருக்குப் பின் யூஜீன் அட்ஜே 1927-இல் இறக்கும் வரை கனமான பெட்டிக் கேமராவைச் சுமந்துகொண்டு கடை முகப்புகளையும் மாடிப்படிகளையும் முற்றங்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார். அட்ஜேயின் படங்களைக் கண்டு வியந்து அவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றியவரான பெரெனிஸ் அபட், 1935 முதல் 1939 வரை அமெரிக்க அரசின் நிதியுதவியோடு நியூயார்க்கைப் படமெடுத்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் லின்னேயஸ் ட்ரைப். சென்னை அரசின் புகைப்படக்காரராக 1857-58-இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் என்று மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்ற ராணுவ அதிகாரி அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார். மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை அவர் எடுத்த காலத்தில், பின்னாளில் நேப்பியர் ஆளுநராக வந்து தொடங்கிவைத்த சீரமைப்பு இன்னும் நடந்திருக்கவில்லை. ஆகவே இன்று நாம் காணும் மகாலில் எது பழையது, எது பின்னால் பூசப்பட்டது என்று அறிய விரும்புபவர்களுக்கு அவருடைய படங்கள் சான்றாகின்றன. அப்படிப் பயன்படும் என்று எண்ணித்தான் அவர் எடுத்தாரா என்பது வேறு கேள்வி.

எந்தக் கட்டடங்களைத் தேர்ந்தெடுப்பது?

சென்ட்ரல் நிலையம், ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள் என்று சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அவற்றுக்கு நூறாண்டுகளாக அஞ்சலட்டைகளும் படங்களும் குவிந்து கிடக்கின்றன. அவை நாளையே காணாமல் போகப்போவதும் இல்லை. 1900-இல் திறக்கப்பட்டு 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சிவப்பு முகப்புக்குப் படங்கள் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே பழைய புத்தகக் கடைக்காரர் எந்தப் பலகையில் எப்படி அடுக்கி வைத்திருந்தார், நடைபாதைக்கு வெளிச்சம் எங்கிருந்து விழுந்தது என்று கேட்டால், அங்கே போய்வந்தவர்களின் நினைவைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம் நிற்கிறது.

எனவே, யாரும் படமெடுக்காத சாதாரணக் கட்டடங்களிலிருந்து தொடங்குவதே நல்லது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாட வீதிகளை ஒட்டிய குறுந்தெருக்களில் திண்ணையும் மரத்தூண்களும் ஓட்டுத் தாழ்வாரமும் உள்ள வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. தியாகராய நகரிலும் மாம்பலத்திலும் 1940-களையும் 50-களையும் சேர்ந்த, மூலைகள் வளைந்த வீடுகளைக் காணலாம். கப்பலில் இருப்பதைப் போன்ற வட்டச் சன்னல், உதயசூரியன் வடிவில் வளைத்த இரும்பு கிராதி, மாடிப்படிக்கு மேல் கோபுரம்போல எழும் சுவர், அதில் சிமெண்டால் எழுதிய வீட்டின் பெயரும் ஆண்டும் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். பாரிமுனையில் 1940-இல் எழுந்த டேர் ஹவுஸ் இந்தப் பாணியின் பெரிய எடுத்துக்காட்டு. அதைக் கண்டு பழகிய கண்ணுக்குத் தெருவீடுகளில் உள்ள சின்னச் சின்னச் சாயல்கள் தாமாகவே தென்படத் தொடங்கும்.

ஒரு கட்டடத்தை எடுக்கும்போது மூன்று தொலைவுகளில் எடுங்கள். தெருவோடு சேர்த்து ஒன்று, முகப்பு முழுவதும் தெரியும்படி ஒன்று, கை தொடும் தூரத்தில் சில. மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். பழைய வீட்டின் மேல்தளத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரங்களும், அவற்றின்மேல் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் அடுக்கிய சிறு செங்கற்களும் தெரியும். மெட்ராஸ் டெரஸ் என்று கொத்தனார்கள் சொல்லும் அந்தத் தளத்தைச் சுண்ணாம்புச் சாந்தில் போடத் தெரிந்த கைகள் இப்போது மிகக் குறைவு. நல்ல ஒரு நெருக்கப் படம் அதன் கட்டுமான முறையையே சொல்லிவிடும்.

அதே இடத்தில் மறுபடியும் நிற்பது எப்படி? குத்துமதிப்பாக நின்றால் போதாதா?

குத்துமதிப்பாக நின்ற படங்களை அருகருகே வைக்கும்போதுதான் அவை ஒத்துப்போகாதது தெரியும். அதைச் சரியாகச் செய்ய ஓர் எளிய வழி இருக்கிறது. படத்தில் அருகே உள்ள ஒரு விளிம்பையும் தொலைவில் உள்ள ஒரு விளிம்பையும் தேர்ந்தெடுத்து, அவை ஒன்றுக்கொன்று எங்கே விழுகின்றன என்று பார்ப்பதுதான் அது.

கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பார்த்தால், முன்னால் சிறிய மேற்குக் கோபுரமும் அதற்குப் பின்னால் சுமார் 120 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரமும் தெரியும். கரையில் நீங்கள் வடக்கே பத்தடி நகர்ந்தால், அருகிலுள்ள மேற்குக் கோபுரம் பெரிய கோபுரத்தோடு ஒப்பிடும்போது வலப்பக்கம் விலகும். தெற்கே நகர்ந்தால் இடப்பக்கம் விலகும். பழைய படத்தில் இரண்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அதே இடைவெளி வரும் வரை நகர்ந்தால் பக்கவாட்டு நிலை கிடைத்துவிடும். அடுத்து, முன்னும் பின்னும் எவ்வளவு நகர்வது என்பதை இரண்டு கோபுரங்களின் உயர விகிதம் சொல்லும். நெருங்க நெருங்க முன்கோபுரம் பின்கோபுரத்தைவிட வேகமாக வளரும். கடைசியாகக் கேமராவின் உயரம்: மதில் விளிம்பு பின்னாலுள்ள கட்டடத்தின் எந்த விளிம்போடு ஒட்டுகிறது என்று பார்த்தால் அதுவும் பிடிபடும்.

குறுகிய தெருவில் இது இன்னும் துல்லியமாக அமையும். எதிர்வீட்டுத் தூணின் விளிம்பு பின்வீட்டுச் சன்னலின் எத்தனையாவது கம்பியோடு ஒட்டுகிறது என்று பார்த்தால், அரையடிக்குள் நிலையைப் பிடித்துவிடலாம். செல்போன் காட்டும் இட அளவை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது உங்களை அடுத்த தெருவில் நிறுத்திவிடும்.

இந்தத் தெருவில் எதுவும் நிலையாக இருக்கப்போவதில்லை என்பதால், அடையாளத்துக்கு எடுக்கும் விளிம்புகளில் ஒன்றாவது நெடுநாள் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கோயில் மதில், ரயில் பாலத்தின் தூண், மேல்நிலை நீர்த்தொட்டி ஆகியவை நம்பகமானவை. விளம்பரப் பலகை வேண்டவே வேண்டாம். மரத்தையும் நம்ப முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்துவிட்டுப் போனபோது என்னுடைய நிற்குமிடங்களில் பலவற்றுக்கு அடையாளமே இல்லாமல் போயிற்று.

எந்தக் கேமரா வேண்டும்? செல்போன் போதுமா?

செல்போன் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். அடுத்த செல்போனில் அதே இழுப்பு வராது. படத்தின் பரப்பை மாற்றுவது லென்ஸின் வேலை. பொருள்கள் ஒன்றுக்கொன்று எங்கே அமைகின்றன என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் இடம். இது புரிந்துவிட்டால் கேமரா மாறினாலும் கவலையில்லை: இடத்தைப் பிடித்துக்கொண்டு, சற்று அகலமாகவே எடுத்து, பிறகு பழைய படத்தின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சாய்வதுபோல் சுவர்கள் மேலே குவியும். கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். கீழே சாலை அதிகமாக வந்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அந்தச் சாலையும் வரலாறுதான், தார் எத்தனை அங்குலம் உயர்ந்து எத்தனை வீட்டு வாசற்படியை விழுங்கியிருக்கிறது என்பதை அதுதான் காட்டும். உச்சி வெட்டுப்பட்டால் எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போக அனுமதி கேட்கலாம்.

எந்த மாதம், எந்த நேரம் ஏற்றது?

முதலில் கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே போய்விடுகிறது. வடக்கு பார்த்த முகப்பில் கோடையில் மட்டும்தான் நல்ல வெயில் படும். மார்கழியில் போனால் அது முழுநாளும் நிழலிலேயே இருக்கும். கடற்கரைச் சாலையின் கிழக்கு பார்த்த கட்டடங்களுக்குக் காலை எட்டரை மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குமேல் வெயில் தட்டையாகிவிடுகிறது. வெயிலே இல்லாத மேகமூட்டமான நாள் பலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும், நிழல்கள் விவரங்களை மறைக்காமல் இருப்பதால். ஒரே தேதியிலும் ஒரே நேரத்திலும் எடுத்தால் நிழல்களும் ஒத்துப்போகும் என்பது உண்மை. ஆனால் அதற்காக ஓராண்டு காத்திருந்து, அதற்குள் கட்டடத்தையே இழந்தவர்களும் உண்டு.

எவ்வளவு இடைவெளியில் திரும்பப் போக வேண்டும்?

அமைதியான தெருவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். சென்னை நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 22-ஐச் சிலர் வைத்துக்கொள்கிறார்கள்; நினைவில் நிற்கும் தேதி என்பதால் அது வசதி. பெரிய வேலைகள் நடக்கும் இடத்துக்கு மாதம் ஒருமுறையாவது போக வேண்டும். அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப்பணி நடந்த ஆண்டுகளில் தடுப்புகள் நகர்ந்து நகர்ந்து, போக்குவரத்து திசை மாறி, கடை முகப்புகள் தகரத்துக்குப் பின்னால் மறைந்து கிடந்தன. ஏ.ஜி.-டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரை 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, அந்தத் தடுப்புக் காலத்தை யாரும் படமெடுத்து வைத்திருக்கிறார்களா என்று தேடினால், "முன்" படமும் "பின்" படமும் கிடைக்கின்றன, நடுவில் நகரம் எப்படி வாழ்ந்தது என்பது மட்டும் அரிதாகவே கிடைக்கிறது. இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ் முனையில் அதே தகரத் தடுப்புகள் வந்தபோது, இந்த முறை தவறவிடக்கூடாது என்று வாரம்தோறும் போய்வரத் தொடங்கினேன்.

மின்கம்பிகளும் பேனர்களும் வாகனங்களும் மறைக்கின்றனவே, அவற்றை நீக்கிவிடலாமா?

வேண்டாம். இன்றைய செல்போன்கள் ஒரே தொடுதலில் கம்பியை அழித்து, அங்கே இல்லாத சுவரைத் தானாக வரைந்துவிடுகின்றன. அப்படி வரைந்த சுவர் பத்தாண்டு கழித்துச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும். கேபிள் கம்பிகளின் கொத்தும், நிறுத்தி வைத்த ஸ்கூட்டரும், அரசியல் பேனரும் படத்துக்குத் தேதி சொல்பவை.

பழைய படம் ஒன்று கிடைத்திருக்கிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

தெருப்பெயர்ப் பலகை, கடைப் பெயர், டிராம் தண்டவாளம் ஆகியவற்றைத் தேடுங்கள். சென்னையில் டிராம் வண்டிகள் 1953-இல் நின்றுவிட்டதால், மேலே டிராம் கம்பியோடு வண்டியும் ஓடும் படம் அதற்கு முந்தையது. மவுண்ட் ரோடு (இன்றைய அண்ணா சாலை) படத்தில் எல்.ஐ.சி. கட்டடம் முழுமையாக நின்றால் அது 1959-க்குப் பிற்பட்டது. ஸ்பென்சரின் பழைய சிவப்புக் கட்டடம் இருந்தால் 1983 தீ விபத்துக்கு முற்பட்டது. இப்படி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வந்தால் காலம் பிடிபடும். இடத்துக்கு, முதலில் கூரைகளுக்கு மேல் எட்டிப்பார்க்கும் கோபுரத்தையோ தேவாலயக் கூம்பையோ கவனியுங்கள்; தரைத்தளக் கடைகள் பத்துமுறை மாறியிருக்கும், ஆனால் முதல் மாடிச் சன்னல் வளைவுகளைப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் அப்படியே விட்டுவைத்திருப்பார்கள்.

பதிப்புரிமையைப் பற்றியும் ஒரு சொல். 2012 திருத்தத்துக்கு முன் இந்தியாவில் புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருந்தது. இப்போது எடுத்தவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் என்று மாறியிருக்கிறது. ஆகவே உறவினர் வீட்டு ஆல்பத்தில் கண்ட படத்தை வெளியிடுமுன் அவர்களைக் கேட்பதே முறை.

அனுமதி வேண்டுமா? காவலாளிகள் தடுக்கிறார்கள்.

கட்டடக்கலைப் படைப்பைப் படமெடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று இந்தியச் சட்டம் வெளிப்படையாகவே விலக்கு அளிக்கிறது. ஆனால் காவலாளி கேட்பது பதிப்புரிமையைப் பற்றி அல்லவே. ராணுவ வளாகம், துறைமுகம் போன்ற தடைசெய்யப்பட்ட இடங்களைச் சட்டம் தனியாகப் பாதுகாக்கிறது. ரயில் நிலையத்துக்குள்ளும் மெட்ரோவுக்குள்ளும் அவரவர் விதிகள் உண்டு. தொல்லியல் துறையின் இடங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி தேவை. டிரோனைப் பறக்கவிடுவதென்றால் அதற்கு வேறு விதிகள், எங்கே பறக்கலாம் என்று காட்டும் வேறு வரைபடம். நகருக்குள் அதை நான் தொடுவதே இல்லை.

பொதுச்சாலையில் நின்றுகொண்டு ஒரு வங்கிக் கிளையின் பழைய தூண்களை எடுத்ததற்காக நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறேன். அன்று உதவியது சட்டப் பேச்சு அல்ல. பையில் இருந்த, அதே தூண்களை முந்தைய ஆண்டுகளில் எடுத்த மூன்று அச்சுப் படங்கள். அவற்றைப் பார்த்ததும் காவலாளி, "சார், இந்த வேப்பமரம் அப்போ இருந்துச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அச்சுப் படங்கள் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

வீட்டுக்குள் எடுக்க விரும்பினால் வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசுவது?

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் போங்கள். பழைய வீட்டில் கேமராவோடு வருபவர் என்றால் அவர்கள் மனத்தில் முதலில் தோன்றுவது "புரோக்கர்". கட்டுமான நிறுவனங்களின் ஆள்கள் அடிக்கடி வந்து போயிருப்பார்கள். பாகப்பிரிவினை வழக்குகூட நடந்துகொண்டிருக்கலாம். "மாமி, வெளியில் தெரியும் கிராதியை மட்டும் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒருமுறை திண்ணையில் உட்கார்ந்திருந்த மூதாட்டியிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு? உள்ள வா, ஊஞ்சல் சங்கிலியைப் பாரு, எங்க மாமனார் கும்பகோணத்துலேர்ந்து பண்ணிண்டு வந்தது" என்று அழைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். கொடுத்த சொல்லைக் காப்பாற்றிப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அடுத்த வீட்டுக் கதவையும் திறக்கிறது. உள்புறப் படங்களை அவர்கள் ஒப்புதலின்றி எங்கும் வெளியிடாதீர்கள். கதவு எண்ணோடு ஒருபோதும் வேண்டாம்.

படங்களை எப்படிக் குறித்துவைத்துச் சேமிப்பது?

கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள், தெரு, பார்க்கும் திசை ஆகியவை இருக்கட்டும். தனியே ஒரு நோட்டுப்புத்தகத்தில் எங்கே நின்றீர்கள் என்று வாக்கியமாக எழுதுங்கள்: "நடைமேடையில், மழைநீர் வடிகால் மூடிக்கு இரண்டடி தெற்கே, கேமரா மார்பளவு உயரத்தில், தூணின் இட விளிம்பு எதிர்ச் சன்னலின் நான்காம் கம்பியோடு ஒட்டுகிறது." இப்படி எழுதிய ஒரு வரி பின்னாளில் அரைமணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சேமிப்பில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுப் படங்களை ஒரே ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். ஒரு கோடையில் அது டக் டக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. மீட்டுத் தருவதாகச் சொன்ன கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு கால்வாசியைத்தான் தந்தார். அந்தக் காலத்து வீடுகளில் சில இப்போது இல்லை. எனக்கு மிஞ்சியது நண்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த சிறிய பிரதிகள் மட்டுமே. இப்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன், அவற்றில் ஒன்று வேறு ஊரில், தம்பி வீட்டில் இருக்கிறது. முக்கியமானவற்றை அச்சிட்டும் வைக்கிறேன். சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இதற்குப் போதும்.

நான் எடுத்துவரும் வீடு இடிக்கப்படப் போகிறது. என்ன செய்வது?

வாசலில் கார்கள் வந்து நிற்பதும், மண் பரிசோதனைக்குத் துளை போடுவதும், பச்சை வலை கட்டுவதும் முன்னறிவிப்புகள். வலை ஏறுவதற்குள் முழுமையாக எடுத்துவிடுங்கள். பிறகு, இடிக்கும் நாள்களிலும் போங்கள். முதலில் போவது விலை உள்ளவை: நிலைக்கதவு, சன்னல் சட்டம், தேக்கு உத்திரம், கிராதி. பழைய மரச் சாமான் வாங்குபவர்கள் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் சுத்தியல் தளத்தில் விழும். அப்போது சுவரின் வெட்டுமுகம் தெரியும். செங்கல்லின் அளவையும் சாந்தின் நிறத்தையும் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுக்கலாம், மேஸ்திரியிடம் முன்பே கேட்டுக்கொண்டு, ஆபத்தில்லாத தூரத்திலிருந்து.

எல்லாம் அகற்றிய பின், அடுத்த வீட்டின் பக்கச்சுவரைப் பாருங்கள். இடித்த வீட்டின் அறைகள் அதில் அச்சாக ஒட்டியிருக்கும். மாடிப்படி ஏறிய கோடு சாய்வாக, சமையலறை இருந்த இடத்தில் புகைக் கறை, பூஜையறையின் மாடக்குழியில் குங்குமச் சிவப்பு, மேலறையில் யாரோ ஒரு பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறித்துவந்த கோடுகள். சில வாரங்களில் புதுச்சுவர் எழும்பி அதை மூடிவிடும். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த படங்களில் பாதி அப்படிப்பட்ட சுவர்கள்தாம்.

பழைய கட்டடங்கள் எல்லாமே காப்பாற்றப்பட வேண்டியவையா?

அப்படி நான் நினைக்கவில்லை. ஒழுகும் ஓட்டுக்கூரைக்குக் கீழே நான்கு பங்காளிகள் வாழ்ந்துகொண்டிருக்கும்போது, தெருவில் நிற்கும் நான் அதன் அழகைப் பற்றிப் பேசுவது சுலபம். ஆனால் பொதுக் கட்டடங்களில் நிலைமை வேறு. அண்ணா சாலையில் 1897-இல் கட்டப்பட்ட பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்க உழைக்கும் இன்டாக் அமைப்பு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. பாதி சிதைந்த அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்று சொல்ல முழுமையாக இருந்த காலத்துப் படங்கள்தான் துணை. காப்பாற்றுவதா வேண்டாமா என்ற வாதத்தில் இரு தரப்புக்கும் பயன்படக்கூடிய படமாக நம் படம் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். அதனால் இடிபாட்டை மட்டும் சோகமாக எடுக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

புதிய கட்டடங்களையும் எடுக்க வேண்டுமா? அவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

177 அடி உயர எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் எழுந்தபோது அதுவும் புதிய கட்டடம்தான். ஊரிலிருந்து வருபவர்கள் கீழே நின்று மாடிகளை எண்ணினார்கள்; சென்னைக்கு வந்தாயிற்று என்று காட்ட வேண்டுமானால் சினிமாக்காரர்கள் சென்ட்ரலுக்கு அடுத்து அதைத்தான் காட்டினார்கள்.

இப்போது வேகமாகக் காணாமல் போய்க்கொண்டிருப்பவை திண்ணை வீடுகள்கூட அல்ல; 1970-களிலும் 80-களிலும் எழுந்த முதல் தலைமுறை அடுக்குமாடிக் குடியிருப்புகள். லிஃப்ட் இல்லாத மூன்று மாடி, மொசைக் தரை, பால்கனியில் பெட்டி வடிவ கிராதி, படிக்கட்டுச் சுவரில் காற்றுக்காக வைத்த சிமெண்ட் ஜாலி, கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள். பிரிக்கப்படாத மனைப் பங்கின் (கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பங்கின்) விலை கட்டடத்தின் விலையைத் தாண்டிவிட்டதால், உரிமையாளர்கள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டு மறுகட்டுமானத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பாரம்பரியம் என்று யாரும் அவற்றைப் பட்டியலிடவில்லை. ஆகவே எடுத்தவர்களும் இல்லை. என் பட்டியலில் இந்த ஆண்டு அப்படிப்பட்ட பதினோரு கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டில் ஏற்கெனவே தபால் பெட்டிகளைக் கழற்றிவிட்டார்கள்.